மலைமேல் மீட்பு இல்லம்: புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு

கடத்தலிலிருந்து மீண்ட பெண்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில் பணிக்குச் சேரப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்னியர் மடம் நடத்துவதாக இருக்கலாம், சபை நடத்துவதாக இருக்கலாம், நாலைந்து குடும்பங்கள் ஜெபக்குழுவாகக் கூடித் தொடங்கியதாகவும் இருக்கலாம். இடம் பழனி மலை. வத்தலக்குண்டில் பஸ் மாறி மேலே ஏற வேண்டும். இல்லத்தின் பெயரையோ ஊரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் எங்கேயும் எழுதாதீர்கள், வாட்ஸாப் ஸ்டேட்டஸில்கூட.

மீதி எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போது தூங்குவது, என்ன சாப்பிடுவது, யாரோடு போவது என்று இந்தப் பெண்களின் வாழ்க்கையில் எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவுசெய்து வந்திருக்கிறார்கள். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சொல்லும் பழக்கமே அவர்களிடம் அடித்து அணைக்கப்பட்டிருக்கும். அன்போடும் ஜெபத்தோடும் நீங்களும் அதே வேலையைச் செய்தால் அவர்களுக்கு முதலாளி மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

முதல் வேலை: இல்லத்தின் காகிதங்களைப் பாருங்கள்

சேருவதற்கு முன்பே கேளுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வேண்டும். கோர்ட் உத்தரவில் பெண்களை அனுப்புகிற பாதுகாப்பு இல்லமென்றால், போலீஸ்காரர்கள் ஐ.டி.பி.ஏ. என்று சொல்கிற 1956-ஆம் ஆண்டு பாலியல் தொழில் கடத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசின் உரிமமும் இருக்க வேண்டும். கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்கான உஜ்வலா, கஷ்டத்தில் இருக்கும் பெண்களுக்கான ஸ்வதார் என்ற ஒன்றிய அரசின் இல்லத் திட்டங்கள் 2022-இல் ‘சக்தி சதன்’ என்று ஒன்றாக்கப்பட்டன. அந்த நிதி வாங்கும் இல்லத்துக்குத் தனி விதிமுறைகள் உண்டு. இதையெல்லாம் கேட்டதற்கே முகம் சுளிக்கிற இல்லமென்றால், எவ்வளவு பக்தியான இல்லமாக இருந்தாலும் சேராதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு பெண்ணும் எந்த வழியாக வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவில் வந்தவர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் திண்டுக்கல்லில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம் அனுப்பியவர், பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசி வந்தவர், தெரிந்த சிஸ்டர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு தானாக வந்தவர் என்று பல வகை. தானாக வந்தவர் தானாகவே போகலாம். நாளைக் காலை பையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினால் நீங்கள் செய்யக்கூடியது பஸ் செலவுக்குப் பணமும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுப்பதுதான். உத்தரவில் வந்தவரை அனுப்புவதும் வைத்திருப்பதும் கோர்ட் கையில் இருக்கிறது. அவருக்குப் போக விருப்பமென்றால் வக்கீலைப் பார்க்க வழிசெய்யுங்கள், மனதை மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். வயது வந்த பெண்களை விருப்பத்துக்கு மாறாகப் பாதுகாப்பு இல்லங்களில் வைத்திருப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பேசியிருக்கிறது. அப்படி இருப்பவர்களைக் கணக்கெடுத்து, காலக்கெடுவுக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அதன் உத்தரவு.

வயதில் சந்தேகம் இருந்தால் இரவோடு இரவாகக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பதினெட்டு நிறையாதவரைப் பெண்கள் இல்லத்தில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் யாருக்கும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் விஷயம் குழந்தைகள் நலக் குழுவிடம் போயாக வேண்டும்.

மலை ஏறும் வழி

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வத்தலக்குண்டிலிருந்து மேலே வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். வளைவுக்கு வளைவு குமட்டும். இதற்கு முன் ஒரு வண்டியில் ஏற்றி, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் கொண்டுபோகப்பட்ட பெண்ணுக்கு இந்தப் பயணமும் அதே மாதிரிதான் தோன்றும். பக்கத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பகலில் கிளம்புங்கள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்று அவரையே கேளுங்கள். ஏறும்போதே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், வழியில் எங்கெங்கே நிற்போம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள். டிரைவர் டீ குடிக்க விரும்பினால்கூட முன்கூட்டிச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம், பாலிதீன் பைக்குப் பதிலாகத் துணிப்பை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். வெளியூர் வண்டியென்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வண்டிகளுக்கு அந்த முறை வந்தது. செக்போஸ்டில் வண்டி நின்று, யாரோ ஒருவர் ஜன்னலுக்குள் குனிந்து ‘இது யார், எங்கிருந்து?’ என்று கேட்கும் நிலைமை அந்தப் பெண்ணுக்கு வரக் கூடாது.

முதல் ராத்திரியும் முதல் வாரமும்

வந்தவுடன் யாரும் கதை கேட்க வேண்டாம். பதிவேட்டுக்கு வேண்டிய நாலு விவரம் போதும். சூடான சாப்பாடு, வெந்நீர், உலர்ந்த துணி, கம்பளி, கால் உறை இவைதான் முதலில். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி விழும். ஒடிசாவிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வருபவருக்கு இந்தக் குளிரே ஒரு அடி. ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லும் முன் இரண்டாவது போர்வையை எடுத்துக் கொடுங்கள்.

அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கட்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கும் சாவி ஒன்று வார்டனிடம் இருக்கலாம், ஆனால் அப்படி ஒரு சாவி இருக்கிறது என்பதும் அது எப்போது மட்டும் பயன்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். விளக்கு எரிந்தால்தான் தூக்கம் வரும் என்றால் எரியட்டும், கரண்ட் பில்லை இல்லம் தாங்கும்.

கேட் விஷயம் தனி. பழனி மலையில் பொழுது சாய்ந்தால் காட்டுமாடு தெருவிலேயே நடக்கும். அதனால் இங்கே எல்லா வீட்டிலும் கேட்டைச் சாத்திவிடுவோம். புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. பூட்டு விழும் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனவே முதல் நாள் பகலிலேயே கேட் வரை கூட்டிப்போய், பூட்டுவது எதற்காக, எத்தனை மணிக்கு, சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று காட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் அவரையே திறக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மொழி தெரியாதவராக இருந்தால் மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்கிற அதே ஊர்க்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பார். அவரே ஏஜென்டுக்கு உறவாகவும் இருக்கலாம். சேவை மையம் மூலமாகவோ சட்டப் பணிகள் குழு மூலமாகவோ ஆள் கேளுங்கள். பெண்ணாக இருந்தால் மேல்.

வயதில் சின்னவராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’தான். ‘புது கேஸ் வந்திருக்கு’ என்ற பேச்சு சமையலறையில்கூடக் கூடாது. அது நடை தாண்டிக் கேட்கும்.

ஜெபமும் ஞானஸ்நானமும்

இனி நம்பிக்கை. இந்தக் கட்டுரையில் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

சமய நம்பிக்கை உள்ளவர்கள் நடத்தும் இல்லங்கள் இந்தப் பணியில் நெடுங்காலமாக இருக்கின்றன. கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் சிறுமிகளுக்காக ஏமி கார்மைக்கேல் 1901-இலிருந்து திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்தார், டோனாவூர் இல்லம் அதிலிருந்து வளர்ந்தது. அதே தேவதாசி முறையிலிருந்து வெளியே வந்த பெண்களுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் சென்னையில் அவ்வை இல்லம் தொடங்கினார். அது எந்தச் சபையும் நடத்திய இல்லம் இல்லை, அங்கே கொடுத்தது படிப்பும் தொழிலும். ஆக, ஜெபம் இருந்தால்தான் பெண்கள் மீள்வார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. ஜெபம் சிலருக்குப் பெரிய துணை. பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு கையில் ஜெபமாலையோடு விடியும் வரை உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுக்காத ஒன்றை அது கொடுத்திருக்கிறது. ஆனால் அது அவர்களாக எடுத்துக்கொண்டது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் புனித ஜோசபின் பக்கிதா. பிப்ரவரி 8 அவருடைய திருநாள். ஆட்கடத்தலுக்கு எதிராகக் கத்தோலிக்கர்கள் ஜெபிக்கும் நாளும் அதுவே. சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டவர். இத்தாலிக்கு வந்த பின், வீட்டு எஜமானி திரும்பக் கூட்டிப்போக வந்தபோது ‘வரமாட்டேன்’ என்றார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1889 நவம்பர் 29 அன்று, சட்டப்படி அவர் அடிமையே இல்லை, சுதந்திரமானவர் என்று தீர்ப்பு வந்தது. ஞானஸ்நானம் 1890 ஜனவரி 9 அன்று. தேதிகளின் வரிசையைப் பாருங்கள். விடுதலை முன்னால் வந்தது.

எனவே சில வழிமுறைகள். காலை ஜெபத்துக்கு மணி அடிக்கலாம், வருகைப்பதிவு எடுக்காதீர்கள். வராதவருக்குக் காபி தாமதமாகக் கூடாது. சபைகளில் இருந்து வருகிறவர்கள் ‘சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்’ என்று ஆசையாகக் கூப்பிடுவார்கள். சாப்பாடும் படுக்கையும் உங்கள் கையில் இருக்கும்போது ஆசையான அழைப்பும் உத்தரவாகத்தான் காதில் விழும். அதனால் ‘வராவிட்டாலும் ஒன்றும் மாறாது’ என்பதை வாயால் சொல்லுங்கள், பிறகு நடந்தும் காட்டுங்கள்.

முருகன் படம் வைத்துக்கொள்ள விரும்புபவர் வைத்துக்கொள்ளட்டும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் துணைக்கு ஒருவர் போய்வாருங்கள். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பழனி மலைக்கோயில் தெரியும். தொழுகை செய்பவருக்குச் சுத்தமான ஒரு மூலை, ரம்ஜானில் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அடுப்பு. எதையும் நம்பாதவருக்கும் இவர்களைப் போலவே இடம்.

ஞானஸ்நானம் கேட்டால்? உண்மையாகவே கேட்பவர்கள் உண்டு. இல்லத்தில் தங்கியிருக்கும் வரை கிடையாது என்று எழுதிவைப்பதே நல்லது என்பது என் கருத்து. வெளியே போய், சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டி, ஒரு வருடம் கழித்து வந்து கேட்கட்டும், சந்தோஷமாகக் கொடுக்கலாம். இது பல போதகர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரம் அந்தப் பெண்ணுக்கு முழுதாகக் கிடைப்பது அப்போதுதான்.

சாட்சி சொல்லச் சொல்வதை அறவே நிறுத்துங்கள். ஞாயிறு ஆராதனையிலோ நன்கொடையாளர் வந்த நாளிலோ ஒரு பெண்ணை எழுப்பி ‘கர்த்தர் எங்கிருந்து தூக்கி எடுத்தார் என்று சொல்லுமா’ என்பது, அவருடைய உடம்பை இன்னொரு முறை கூட்டத்துக்குக் காட்டுவது. சட்டச் சிக்கலும் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முகத்தை மங்கலாக்கிய போட்டோவில்கூடச் சேலையையும் கைத்தழும்பையும் வைத்து ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டு. ராத்திரியில் அலறி எழுபவரைப் பார்த்து ‘ஆவி பிடித்திருக்கிறது’ என்று விடுதலை ஜெபத்துக்குக் கூட்டம் சேர்க்கக் கூடாது. சுற்றி நின்று தலையில் கைவைத்துச் சத்தமிடும் ஆட்கள், அவர் எதை நினைத்து அலறினாரோ அதையே திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள். தூரத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, நீங்கள் யார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். அடுத்து, ‘மன்னித்துவிடு’ என்று அவசரப்படுத்தாதீர்கள். விற்றது சொந்தச் சித்தப்பாவாக இருக்கலாம். மன்னிப்பது அவர் பாடு. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி வருபவர்களும் இதே வசனத்தோடுதான் வருவார்கள்.

உடம்பு

அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பரிசோதனைப் பிரிவில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. சேர்க்கைக்கு நிபந்தனையாக ரிப்போர்ட் கேட்கும் இல்லங்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் அது தப்பு என்று சொல்லுங்கள்.

குடி அல்லது போதை மாத்திரைப் பழக்கத்தோடு வந்தவரை உபவாச ஜெபத்தில் உட்கார வைத்துத் திருத்த முயல வேண்டாம். கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்த்தாக வேண்டும். மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கர்ப்பமாக இருந்தால் கத்தோலிக்க இல்லங்களில் பேச்சு தடுமாறும். இல்லத்துக்கு ஒரு கொள்கை இருக்கலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு 24 வாரம் வரை சட்டப்படியான கருக்கலைப்புக்கு இடமுண்டு என்ற தகவலை மறைக்கும் உரிமை இல்லத்துக்கு இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவர்கள் இருவரும் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். வாரக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கு, பணம்

கடத்தலுக்கு ஆளானவருக்கு இலவச வக்கீல் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் தரும் உரிமை. வருமானச் சான்று கேட்டு அலையவிடக் கூடாது. எண் 15100. இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், குற்றவாளி பிடிபடாவிட்டாலும்.

எல்லோரும் பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்டவர்கள் இல்லை. மலைக்குக் கீழே திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் எத்தனை நூல் மில்கள்! மூன்று வருடம் வேலைசெய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, விடுதியை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்த கதைகள் இங்கே ஊருக்கு ஒன்று. பேரை மாற்றிக் ‘கேம்ப் கூலி’ என்றாலும் சங்கதி ஒன்றுதான். அப்படி வந்தவருக்குக் கொத்தடிமை முறையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழ் கிடைக்குமா என்று பாருங்கள். கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய், கடத்தலும் பாலியல் சுரண்டலும் சேர்ந்த கொடுமையான நிலைகளில் 3 லட்சம் என்று இருக்கிறது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பெரிய தொகை வழக்கு முடிவைப் பொறுத்தது, உடனடி உதவி அப்படியில்லை.

கோர்ட் தேதி திண்டுக்கல்லில் என்றால் முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள். மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொள்வது இங்கே புதிதல்ல. மிரட்டல் இருந்தால் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வக்கீல் மூலம் மனுப்போடலாம். சாட்சிக் கூண்டில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்காதீர்கள்.

வேலையும் கூலியும்

தையல், மெழுகுவத்தி, சாக்லேட். எல்லா இல்லங்களிலும் இந்த மூன்றுதான். கொடைக்கானலில் ஏற்கெனவே தெருவுக்கு நாலு சாக்லேட் கடை இருக்கிறது, ஐந்தாவது கடையில் யார் வாங்குவார்கள் என்று முதலில் யோசியுங்கள். எது செய்தாலும் செய்கிறவருக்குக் கூலி கொடுங்கள், அவர் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள், பாஸ்புக் அவர் கையில் இருக்கட்டும். ‘இது மனசுக்கு ஆறுதல் தரும் பயிற்சி’ என்று சொல்லிச் சம்பளமில்லாமல் செய்ய வைத்து, பொருளைத் திருவிழா ஸ்டாலில் விற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் எபிஸ்கோப்பல் சபையின் பெண் குருவானவர் பெக்கா ஸ்டீவன்ஸ் 1997-இல் தொடங்கிய இல்லத்தில் பெண்கள் இரண்டு ஆண்டு கட்டணமின்றித் தங்குகிறார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த திசில் ஃபார்ம்ஸ் நிறுவனமும் மெழுகுவத்திதான் செய்கிறது, குளியல் பொருள்களும் செய்கிறது. அங்கே அது சம்பள வேலை.

லாட்ஜ், காட்டேஜ் வேலைகள் இங்கே எளிதில் கிடைக்கும். சிலருக்கு அந்த அறைகளின் வாசனையே ஒத்துக்கொள்ளாது. கேட்காமல் பேசி முடித்துவிடாதீர்கள். மலையில் இருப்பதாலேயே பாதுகாப்பு என்ற நினைப்பும் வேண்டாம். சித்திரை, வைகாசி சீசனில் நாலு மாநிலத்துக் கார்கள் ஏரியைச் சுற்றும், அதில் யார் வருவார் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் கடைத்தெருவுக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

கிளம்பும் நாள்

வந்த முதல் மாதத்திலேயே போவதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வீட்டாரே விற்றிருந்தால், அழுதுகொண்டு அழைத்துப்போக வரும் அம்மாவை நம்புவதற்கு முன் வீட்டு விசாரணை வேண்டும். கோர்ட் உத்தரவில் இருப்பவருக்கு அது சட்டப்படியே தேவை. மாப்பிள்ளை பார்த்து அனுப்புவது மறுவாழ்வு ஆகாது. சபையில் யாராவது நல்ல பையன் இருக்கிறான் என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

சிலர் சொல்லாமல் போவார்கள். சிலர் பழைய இடத்துக்கே போய்விட்டுத் திரும்பி வருவார்கள். வந்தால் முதல் முறை வந்தவரைப் போலவே வெந்நீர், சாப்பாடு, போர்வை. ‘அப்போதே சொன்னேனே’ வேண்டாம்.

போனவருக்கு நீங்களாகப் போன் செய்யாதீர்கள். பக்கத்தில் யார் இருப்பார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. எந்த நேரத்தில் அவர் கூப்பிடுவார், நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது வேறு யாராவது எடுத்தால் யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், ஆபத்து என்றால் என்ன வார்த்தை சொல்வார் என்பதையெல்லாம் பஸ் ஏறும் முன்பே இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். அவருடைய எண்ணை ராத்திரிப் பணியில் இருப்பவர் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், பெயர் இல்லாமல்.